'தே' என்றால் காட்டெருமையா, கெஸ்ட்டா? குன்னூர் டைப்பிங் கடையின் ஆங்கிலத் திருத்தச் சேவை

பெயர்ப்பலகையில் "டைப்பிங், ஜெராக்ஸ், லேமினேஷன்" என்று மட்டும்தான் இருக்கும். குன்னூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து பெட்ஃபோர்டு பக்கம் ஏறும் வழியில் உள்ள இந்தக் கடையை "டீச்சர் கடை" என்று கேட்டால்தான் கை காட்டுவார்கள். ரிட்டயரான ஆங்கில டீச்சர் ஒருவர் மதியத்துக்கு மேல் உட்கார்ந்து, வருகிற ஆங்கிலத் தாள்களைத் திருத்தித் தருகிறார். ஹோம்ஸ்டே நடத்துபவர்களின் ஹவுஸ் ரூல்ஸ், சிறு தேயிலை விவசாயிகள் ஃபேக்டரிக்கு எழுதும் கடிதம், எஸ்டேட் ஆபீஸ் கொடுக்கும் சான்றிதழ், டூரிஸ்ட்டுகளுக்கான துண்டுப் பிரசுரம் என்று மேஜையில் ஒரு கட்டு எப்போதும் காத்திருக்கும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஸ்பெல்லிங்குக்கும் டென்ஸுக்கும் இங்கே படியேற வேண்டியதில்லை. அதைப் போனே பார்த்துக்கொள்ளும். இட், தே, திஸ், விச், ஹிஸ், வீ என்ற சின்னச் சொற்கள் எதை, யாரைக் குறிக்கின்றன என்ற ஒரே விஷயத்துக்காக இங்கே வரலாம். தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் சறுக்குகிற இடம் அது. ஏன் சறுக்குகிறார்கள் என்று தெரிந்து திருத்துகிற கை இங்கே இருக்கிறது.

திருத்தத்துக்கு ஒரு பக்கம் 150 ரூபாய். திருத்தியதை டைப் செய்ய 40 ரூபாய் தனி. ஏ4 லேமினேஷன் 50. சாதாரண நாட்களில் இரண்டு நாளில் தாள் கைக்கு வரும். ஏப்ரல், மே சீசனில் ஒரு வாரம் ஆகும், சில சமயம் அதற்கு மேலும்.

வேலை செய்யும் முறை

டீச்சரின் முறையில் ரகசியம் ஒன்றுமில்லை, வீட்டிலேயே செய்யலாம். முதல் வாசிப்பில் அவர் எதையும் திருத்துவதில்லை. பென்சிலால் ப்ரோநவுன்களை, அதாவது பெயருக்குப் பதிலாக வரும் அந்தச் சின்னச் சொற்களை, மட்டும் வட்டமிடுகிறார். இரண்டாவது வாசிப்பில் ஒவ்வொரு வட்டத்திலிருந்தும் பின்னோக்கி ஓர் அம்பு, அது குறிக்கும் பெயர்ச்சொல் வரைக்கும். அம்பு போகிற வழியில் அதே எண்ணிக்கையுள்ள இன்னொரு பெயர்ச்சொல் குறுக்கிட்டால் அடிக்கோடு. 'இட்'டுக்கு முன்னால் இரண்டு ஒருமைப் பெயர்கள் இருந்தாலும், 'தே'வுக்கு முன்னால் இரண்டு பன்மைகள் இருந்தாலும் அடிக்கோடு விழும். அம்புக்குப் போய்ச் சேர இடமே இல்லையென்றால் கேள்விக்குறி. கடைசியில் இந்த அடிக்கோடுகளையும் கேள்விக்குறிகளையும் தமிழில் கேள்விகளாக எழுதி ஒரு துண்டுச் சீட்டில் பின் செய்கிறார். "வரி 3: இட், ஹீட்டரா திரையா?" "வரி 9: திஸ், எது?" இந்த மாதிரி. சீட்டைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள், இல்லையென்றால் போன் வரும்.

போனில் இப்படித்தான் இருக்கும்: "சார், ஏழாவது வரியில 'தே'ன்னு போட்டிருக்கீங்களே, அது காட்டெருமையா, கெஸ்ட்டா?"

கேட்ட வாக்கியம் இது: "இஃப் தி கெஸ்ட்ஸ் டிஸ்டர்ப் தி கௌர், தே வில் சார்ஜ்." முட்டப்போவது காட்டெருமை என்று நமக்குத் தெரியும். 'சார்ஜ்' என்றால் பாய்வது, கட்டணம் கேட்பது இரண்டும் உண்டு; கெஸ்ட்டுகள் காசு கேட்பார்கள் என்றும் ஒருவர் படிக்கலாம், ஆங்கிலம் தடுக்காது. இதையே தமிழில் எழுதும்போது ப்ரோநவுனே தேவைப்படாது: "கெஸ்ட்டுகள் காட்டெருமையைத் தொந்தரவு செய்தால் முட்டும்." 'முட்டும்' என்பதன் விகுதி அஃறிணை என்று காட்டிக்கொடுத்துவிடுகிறது, ஆட்களாக இருந்தால் 'முட்டுவார்கள்'. ஆங்கிலத்தின் 'தே' உயர்திணைக்கும் அஃறிணைக்கும் ஒன்றேதான், வினையும் எதையும் காட்டாது. தமிழில் வினையின் வால் செய்துகொண்டிருந்த வேலையை ஆங்கிலத்தில் யாரும் செய்யாமல் விட்டதுதான் கோளாறு. டீச்சர் செய்த திருத்தம் எளிமையானது: 'தே'வை அடித்துவிட்டு "தி கௌர் வில் சார்ஜ்". இரண்டு முறை 'கௌர்' வருகிறதே என்று கூச்சப்பட வேண்டியதில்லை.

இங்கே இன்னொரு காரணமும் வேலை செய்கிறது. ஆங்கிலம் படிக்கிறவரின் கண், வாக்கியத்தின் இரண்டாம் பாதியில் ப்ரோநவுன் எழுவாயாக வந்தால், முதல் பாதியின் எழுவாயைத்தான் முதலில் தேடும். தேயிலை விவசாயிகளின் கடிதம் ஒன்றில் இருந்த வரி: "தி ஏஜென்ட்ஸ் வெய் தி பேக்ஸ் அண்ட் தே ஆர் கெப்ட் இன் தி சன்." எடை போட்ட பிறகு மூட்டைகள் வெயிலில் கிடக்கின்றன என்பது புகார். பச்சைக் கொழுந்து மூட்டைக்குள் சூடேறினால் ஃபேக்டரிக்குப் போவதற்குள்ளேயே சிவந்துவிடும். தரம் போய்விடும், விலையும் போய்விடும். ஆனால் வாக்கியத்தில் எழுவாய் ஏஜென்ட்டுகள் என்பதால், வெயிலில் காய்வதும் ஏஜென்ட்டுகளே ஆகிவிட்டார்கள். இந்த வகைக்கு அவர் கையாளும் வழி, ப்ரோநவுனைத் தொடாமல் வாக்கியத்தைத் திருப்பிப் போடுவது: "தி பேக்ஸ் ஆர் வெய்டு பை தி ஏஜென்ட்ஸ் அண்ட் தென் கெப்ட் இன் தி சன்." மூட்டை எழுவாயானதும் 'தே' தானாகவே கழன்றுவிட்டது. செயப்பாட்டு வினை கூடாது என்று ஸ்டைல் புத்தகங்கள் மிரட்டினாலும், இது அதற்குரிய இடம்.

கீசர் பக்கம்

இந்தச் சேவையின் தரத்தை எடைபோட ஒரே ஒரு பத்தி போதும் என்றால், ஹவுஸ் ரூல்ஸில் வரும் பாத்ரூம் பத்தியைக் கொடுத்துப் பார்க்கலாம். மலையில் பல வீடுகளில் கேஸ் கீசர் இருக்கிறது. கெஸ்ட் செய்வது என்ன? குளிருக்கும் குரங்குக்கும் பயந்து ஜன்னலைச் சாத்துகிறார். சாத்திய பாத்ரூமில் கேஸ் எரிந்தால் காற்று போதாமல் கார்பன் மோனாக்சைடு சேரும். நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. குளித்துக்கொண்டிருப்பவர் அப்படியே மயங்கி விழுந்துவிடலாம். அதனால் இந்தப் பத்தியில் வாசகம் பிசகக் கூடாது. கொடுக்கப்பட்ட வாசகம்:

"தி கீசர் யூஸஸ் கேஸ் அண்ட் தி விண்டோ மஸ்ட் பி கெப்ட் ஓப்பன். மங்கீஸ் மே என்டர் பட் டூ நாட் க்ளோஸ் இட். திஸ் இஸ் டேஞ்சரஸ்."

மூன்று வாக்கியம், இரண்டு ப்ரோநவுன், இரண்டும் ஆட்டம் காண்கின்றன. 'இட்' ஜன்னல்தான் என்று ஊகிக்கலாம். ஆனால் ஜன்னல் என்ற சொல் முந்தின வாக்கியத்தில் இருக்கிறது, நடுவில் குரங்குகள் புகுந்துவிட்டன. உண்மையான ஆபத்து 'திஸ்'. எது டேஞ்சரஸ்? ஜன்னலைச் சாத்துவதா, குரங்கு வருவதா, திறந்து வைப்பதா? இரவில் களைத்து வந்து சேர்ந்த கெஸ்ட், பக்கத்தில் 'மங்கீஸ்' என்ற சொல்லைப் பார்த்ததும் குரங்குதான் டேஞ்சரஸ் என்று எடுத்துக்கொண்டு ஜன்னலைச் சாத்திவிடுவார். எழுதியவர் சொல்ல நினைத்ததற்கு நேர் எதிர்.

'திஸ்', 'தட்', 'விச்' மூன்றுக்கும் டீச்சரின் விதி ஒன்றுதான்: முழு வாக்கியத்தைச் சுட்டுகிற 'திஸ்' தனியாக நிற்கக் கூடாது, பின்னால் ஒரு பெயர்ச்சொல் வந்தே ஆக வேண்டும். 'திஸ் கேஸ்', 'திஸ் ரூல்', 'திஸ் டிலே' என்று. பெயர்ச்சொல்லைத் தேடும்போதே நாம் சொல்ல வந்தது என்ன என்பது நமக்கே தெளிவாகிவிடும். தேடியும் கிடைக்கவில்லையென்றால் வாக்கியத்தில்தான் ஓட்டை. அவர் திருப்பிக் கொடுத்த வாசகம்:

"தி கீசர் பர்ன்ஸ் கேஸ். கீப் தி பாத்ரூம் விண்டோ ஓப்பன் வைல் யூ பாத். வித் தி விண்டோ க்ளோஸ்டு, பாய்ஸனஸ் கேஸ் கேன் ஃபில் தி ரூம் அண்ட் யூ வில் நாட் ஸ்மெல் தி கேஸ். தி விண்டோ ஹாஸ் எ மெஷ். மங்கீஸ் கேன்னாட் கம் இன்."

ஜன்னலுக்குக் கம்பிவலை இருக்கிறதா என்று போனில் கேட்டு, இருக்கிறது என்ற பதில் வந்த பிறகுதான் கடைசி வரியைச் சேர்த்தார்கள். இலக்கணத் திருத்தம் என்று பார்த்தால் அது கூடுதல் வேலை. ஆனால் கெஸ்ட் ஜன்னலைச் சாத்துவதற்கான காரணமே குரங்குதான், அதை விட்டுவிட்டு வெறும் 'திஸ்'ஸை மாற்றி என்ன பயன்? இந்த ஒரு பத்திக்கே 150 ரூபாய் தகும்.

ரூம் ஹீட்டர் வரியும் இதே ரகம். "இஃப் தி ஹீட்டர் டச்சஸ் தி கர்ட்டன், ரிமூவ் இட்." தமிழில் "ஹீட்டர் திரையில் பட்டால் உடனே தள்ளி வையுங்கள்" என்று முடித்துவிடலாம். எதைத் தள்ள வேண்டும் என்று சொல்லாவிட்டாலும் 'தள்ளி வை' என்ற வினையே ஹீட்டரைக் காட்டுகிறது. 'ரிமூவ்' மாதிரி ஆங்கில வினை செயப்படுபொருள் இல்லாமல் நிற்காது. எழுதுகிறவர் எது என்று தீர்மானிக்காமலே ஒரு 'இட்' போட்டு நிரப்பிவிடுகிறார். இந்த நிரப்பல் 'இட்'டை டீச்சர் எங்கே கண்டாலும் அடித்துவிடுகிறார். "மூவ் தி ஹீட்டர் அவே" என்று ஆகிவிடும்.

ரயில் பற்றிய பிரசுரங்களில் இடப்பெயரோடு ஒட்டிவரும் 'இட்'டைக் கவனிக்க வேண்டும். "தி டிரெயின் ஸ்டாப்ஸ் அட் குன்னூர். இட் வாஸ் டிக்ளேர்டு எ வேர்ல்டு ஹெரிடேஜ் சைட் இன் 2005." யுனெஸ்கோ பட்டியலில் 2005இல் சேர்ந்தது நீலகிரி மலை ரயில் பாதை, குன்னூர் ஊர் அல்ல, அன்றன்று ஓடும் வண்டியும் அல்ல. பாதை என்ற சொல் வாக்கியத்தில் இல்லவே இல்லை. அம்பு போய்ச் சேர இடமில்லாத கேள்விக்குறி வகை இது. 'விச்'சும் அப்படித்தான். "தி ராக் ரெயில் எண்ட்ஸ் அட் குன்னூர், விச் ஓப்பன்டு இன் 1899" என்றால் (ராக் ரெயில் என்பது பல் தண்டவாளம்) 1899இல் திறந்தது குன்னூரா? மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையிலான பாதை 1899, அங்கிருந்து ஊட்டி வரை 1908 என்று பெயர் சொல்லிப் பிரித்து எழுதித் தந்தார்கள்.

ஹிஸ், வீ, ஹீ

'ஹிஸ்' பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். "தி டிரைவர் டோல்டு தி கெஸ்ட் தட் ஹிஸ் பேக் வாஸ் இன் தி ஜீப்" என்பதில் பை யாருடையது என்று தெரியாது. தமிழில் 'தன் பை', 'அவர் பை' என்று பிரிக்க வழி இருக்கிறது; ஆங்கிலத்தில் இல்லை. பெயரைத் திரும்பச் சொல்வது ஒரு வழி. சொன்னதை அப்படியே மேற்கோளில் போட்டு "யுவர் பேக்" அல்லது "மை பேக்" ஆக்குவது இன்னொரு வழி. டீச்சருக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், நமக்கும் அதுதான்.

'வீ'யில் விஷயம் பெரிது, ஏனென்றால் பணம் சம்பந்தப்பட்டது. விவசாயிகள் ஃபேக்டரிக்கு எழுதும் கடிதத்தில் "வீ வில் டிசைட் தி ட்ரான்ஸ்போர்ட் சார்ஜ் இன் தி நெக்ஸ்ட் மீட்டிங்" என்று இருந்தால் இரண்டு அர்த்தம். நாங்கள் முடிவு செய்துகொண்டு வந்து சொல்வோம் என்றால் அது எச்சரிக்கை. நாம் உட்கார்ந்து பேசி முடிவு செய்வோம் என்றால் அது அழைப்பு. நாங்கள், நாம் இரண்டையும் ஆங்கிலம் ஒரே 'வீ'யில் அடைத்துவிடுகிறது. தமிழ்க் குறிப்பில் 'நாம்' என்று எழுதியிருந்ததையும் சேர்த்துக் கொடுத்தால்தான் திருத்துகிறவருக்கு இது பிடிபடும். இந்தக் கடையில் தமிழ்க் குறிப்பைக் கேட்டே வாங்குகிறார்கள். திருத்தம்: முதல் வரியில் "வீ, தி குரோவர்ஸ்" என்று ஒரு முறை நிலைநிறுத்திவிட்டு, கடிதம் முழுக்க 'வீ' என்றால் விவசாயிகள் மட்டும், இரு தரப்பும் சேரும் இடத்தில் மட்டும் "தி குரோவர்ஸ் அண்ட் தி ஃபேக்டரி டுகெதர்". ஒரு கடிதத்தில் 'வீ'க்கு ஒரே அர்த்தம் என்ற இந்தக் கட்டுப்பாட்டைச் சங்கக் கடிதம் எழுதும் எல்லோரும் எடுத்துக்கொள்ளலாம்.

சான்றிதழ்களில் சிக்கல் 'அவர்' வழியாக வருகிறது. பல வருடம் வேலை பார்த்த பெண் ஒருவருக்கு ஆபீஸில் தமிழில் எழுதி, மொழிபெயர்ப்பு ஆப்பில் போட்டு எடுக்கிறார்கள். 'அவர்' என்பதில் ஆணா பெண்ணா என்று இல்லாததால், ஆப் பெரும்பாலும் 'ஹீ' போட்டுவிடும். முதல் பத்தியைக் கையால் 'ஷி' என்று மாற்றிவிட்டு, மூன்றாம் பத்தியின் 'ஹிஸ் ட்யூட்டீஸ்' கண்ணில் படாமல் தங்கிவிடும். வேறு யாருடைய சான்றிதழையோ காப்பி அடித்தார்களோ என்று படிக்கிற அதிகாரிக்குத் தோன்றினால் குறை சொல்ல முடியாது. இதைப் பிடிக்க டீச்சர் தேவையில்லை: கணினியில் ஹீ, ஹிம், ஹிஸ், ஷி, ஹர் ஐந்தையும் ஒவ்வொன்றாகத் தேடச் சொன்னால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

மனு டைப் செய்ய வருபவர்கள் சிலர், "சட்டத்திலேயே பெண்ணுக்கும் ஹீ தானே?" என்று கேட்பதுண்டு. சட்டத்தில் அப்படித்தான். 1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 8ஆவது பிரிவு, 'ஹீ' என்ற ப்ரோநவுன் ஆண், பெண் இருவரையும் குறிக்கும் என்றது. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா தன் 2ஆவது பிரிவில் அதோடு திருநரையும் சேர்த்துக்கொண்டது. 1897ஆம் ஆண்டு பொது உட்பிரிவுகள் சட்டத்தின் 13ஆவது பிரிவும் ஆண்பால் சொற்கள் பெண்ணையும் உள்ளடக்கும் என்கிறது. இவையெல்லாம் சட்ட வாசகத்தைப் படிப்பதற்கான விதிகள். குறிப்பிட்ட ஒரு பெண்ணைப் பற்றிய மனுவில் அவரை 'ஹீ' என்று எழுத இவை அனுமதிச் சீட்டு ஆகாது. மனுவில் இரண்டு பேர் இருந்தால், ஆணுக்கு 'ஹீ'யும் பெண்ணுக்கு 'ஷி'யும் போடுவதுதான் குழப்பத்தைக் குறைக்கும். இரண்டு பேரும் ஒரே பால் என்றால் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்வதைத் தவிர வேறு வழி கிடையாது. பத்திரம் எழுதுபவர்கள் காலங்காலமாகச் செய்வதும் அதுதான்.

கணினியே போதாதா?

வேர்டில் வரும் திருத்தி சில ப்ரோநவுன் தவறுகளை நன்றாகவே பிடிக்கும். "பிட்வீன் யூ அண்ட் ஐ" என்று எழுதினால் கோடு போடும். உடைமையைக் காட்டும் 'இட்ஸ்'ஸுக்கு அபாஸ்ட்ரஃபி (எழுத்துக்கு மேலே போடும் குறி) கிடையாது, 'இட் இஸ்' என்பதன் சுருக்கத்துக்கு மட்டுமே உண்டு. இதையும் பெரும்பாலும் பிடித்துவிடும். வடிவத் தவறு என்றால் அதற்குத் தெரியும். எதைக் குறிக்கிறது என்பது அர்த்தம் சம்பந்தப்பட்டது, அங்கேதான் கணினிகள் நெடுங்காலம் திணறின. கணினி விஞ்ஞானி டெர்ரி வினோகிராட் 1972இல் காட்டிய உதாரணம் ஆய்வாளர்களிடையே பிரபலம்: நகர மன்றத்தார் ஆர்ப்பாட்டக்காரர்களுக்கு அனுமதி மறுத்தார்கள், ஏனென்றால் 'தே' வன்முறைக்கு அஞ்சினார்கள். 'அஞ்சினார்கள்' என்பதை 'ஆதரித்தார்கள்' என்று மாற்றினால் 'தே' மன்றத்தாரிடமிருந்து ஆர்ப்பாட்டக்காரர்களுக்குத் தாவிவிடும். ஏஐ ஆய்வாளர் ஹெக்டர் லெவெஸ்க் பின்னாளில் இதை வைத்துக் கணினிகளுக்கு ஒரு தேர்வையே முன்வைத்தார்.

இன்றைய ஏஐ சாட்பாட்டுகள் இந்த வகை வாக்கியங்களை நன்றாகவே புரிந்துகொள்கின்றன. நமக்குத் தொந்தரவும் அங்கேதான். காட்டெருமை வாக்கியத்தைக் கொடுத்தால் அவை சரியாக ஊகித்து, குழப்பம் இல்லை என்று விட்டுவிடலாம், அல்லது தங்களுக்குப் பட்ட அர்த்தத்தில் மாற்றி எழுதித் தரலாம். 'வீ' நாங்களா, நாமா என்பது எழுதியவர் மனதில் மட்டுமே இருக்கிறது; அதை ஊகிக்கக் கூடாது, கேட்க வேண்டும். கடைக்குப் போக வசதியில்லாதவர்கள் சாட்பாட்டிடம் "திருத்திக் கொடு" என்று கேட்பதை விட்டு, "இதில் உள்ள ஒவ்வொரு ப்ரோநவுனையும் பட்டியலிட்டு, எவற்றைக் குறிக்க வாய்ப்புண்டு என்று சொல், எதையும் மாற்றாதே" என்று கேட்கலாம். டீச்சரின் துண்டுச் சீட்டுக்கு ஓரளவு பக்கத்தில் வரும்.

குறைகள்

'ஈச் கெஸ்ட்', 'எனி பர்சன்' என்று வரும் இடத்தில் டீச்சர் 'ஹி ஆர் ஷி', 'ஹிஸ் ஆர் ஹர்' என்றே போடுகிறார். "ஈச் கெஸ்ட் ஷுட் ரிட்டர்ன் ஹிஸ் ஆர் ஹர் கீ பிஃபோர் ஹி ஆர் ஷி லீவ்ஸ்" என்று வரி நொண்டுகிறது. ஒருமைக்கு 'தே' போடுவது புதுப் பழக்கம், தவறு என்பது அவர் கட்சி. இதில் நாங்கள் உடன்படவில்லை. அந்தப் பயன்பாட்டுக்கு 14ஆம் நூற்றாண்டிலிருந்தே சான்று இருக்கிறது. மெரியம்-வெப்ஸ்டர் அகராதி 2019இன் ஆண்டுச் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது 'தே'வைத்தான். அதே ஆண்டு வந்த, அமெரிக்க உளவியல் சங்கத்தின் (ஏபிஏ) எழுத்து நடைக் கையேட்டின் ஏழாம் பதிப்பும் அதை ஏற்றுக்கொண்டது. ஹவுஸ் ரூல்ஸுக்கு இந்தச் சண்டையே வேண்டாம்: 'யூ' என்று நேராகக் கூப்பிட்டுவிட்டால் போதும். "ரிட்டர்ன் யுவர் கீ பிஃபோர் யூ லீவ்." இதைச் சொன்னால் டீச்சர் மாற்றித் தருகிறார். சொல்லாவிட்டால் 'ஹி ஆர் ஷி'தான்.

இரண்டாவது குறை, பயத்தில் பெயர்ச்சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிவிடுவது. சில தாள்களில் ஒரே பத்தியில் 'தி கெஸ்ட்' ஐந்தாறு தடவை வந்து நிற்கிறது. எழுவாய் மாறாமல் தொடர்கிற வரைக்கும் ப்ரோநவுன் போதும். புதுப் பத்தி தொடங்கும்போதும், நடுவில் வேறு ஆளோ பொருளோ நுழையும்போதும் மட்டும் பெயரைப் புதுப்பித்தால் சரி. தாளை வாங்கும்போதே இதைக் கேட்டு மாற்றிக்கொள்ளலாம், கூடுதல் காசு வாங்குவதில்லை.

மூன்றாவது குறை கொஞ்சம் எரிச்சல். 'தே'வையும் 'இட்'டையும் எடுத்த இடத்தில் சில சமயம் 'தி ஃபார்மர்' (முன்னது), 'தி லேட்டர்' (பின்னது), 'தி சேம்' (அதே) வந்து உட்கார்கின்றன. "கைண்ட்லி அக்னாலெட்ஜ் தி சேம்" என்பது நம் ஆபீஸ்களில் ஊறிய ஆங்கிலம். எதன் சேம் என்று மேலே போய்த் தேட வேண்டும் என்றால் 'இட்'டையே விட்டுவைத்திருக்கலாமே. 'ஃபார்மர்', 'லேட்டர்' இன்னும் மோசம். எது முதலில் வந்தது, எது பின்னால் வந்தது என்று எண்ணிப் பார்க்கச் சொல்கின்றன. மூன்று பொருள் இருந்தால் அதுவும் நடக்காது. இவற்றை அடித்துவிட்டுப் பெயரையே போடச் சொல்லுங்கள்.

டைப் செய்வது வேறு ஆள் என்பதையும் கவனிக்க வேண்டும். பென்சில் திருத்தத்தைப் பார்த்து அடிக்கும்போது 'தெயர்' (அவர்களுடைய) போய் 'தேர்' (அங்கே) வருவதும், அடித்துவிட்ட 'இட்' மறுபடி முளைப்பதும் உண்டு. பென்சில் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பிரின்ட்டைச் சரிபார்க்காமல் கிளம்பக் கூடாது.

போகும்போது எடுத்துப்போக வேண்டியவை: இரட்டை இடைவெளி விட்டு அடித்த பிரின்ட், இல்லையென்றால் ஒரு வரி விட்டு ஒரு வரி கையால் எழுதியது, ஏனென்றால் அம்பு போட இடம் வேண்டும். தமிழில் எழுதிய குறிப்பு இருந்தால் அதுவும். கெஸ்ட்டுக்கான தாள் என்றால் அறையின் விவரம்: கீசர் கேஸா, கரண்டா, ஜன்னலில் வலை உண்டா, ஹீட்டர் எங்கே இருக்கிறது. கெஸ்ட்டுகளுக்கு இ-பாஸ் பற்றி எழுதுவதானால் எது வண்டிக்கு, எது ஆளுக்கு என்று முதலிலேயே பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். "இட் வில் பி செக்டு அட் தி செக்போஸ்ட்" என்ற வரிக்கு நிச்சயம் போன் வரும். போனை எடுக்காவிட்டால் தாள் அப்படியே கட்டில் கிடக்கும். பதில் வராத கேள்வியோடு திருத்தி முடிப்பதில்லை என்பதில் டீச்சர் கறாராக இருக்கிறார்.

கல்லூரி ப்ராஜெக்ட், ஆய்வுக் கட்டுரை மாதிரி நீளமானவற்றுக்கு இந்தக் கடை சரிப்படாது. இருபது பக்கத்துக்கு மேல் போனால் அம்புகளைத் தொடர்வது அவருக்கும் சிரமம், செலவும் கட்டுப்படியாகாது. ஒன்று முதல் மூன்று பக்கம் வரையிலான தாள்களுக்கு, அதுவும் தப்பாகப் புரிந்துகொண்டால் உயிருக்கோ பணத்துக்கோ சேதம் வரக்கூடிய தாள்களுக்கு, தாராளமாகப் போகலாம்.

லேமினேஷனுக்கு மட்டும் அவசரப்பட வேண்டாம். முதலில் சாதா பிரின்ட் ஒன்றை எடுத்துப் பாத்ரூம் கதவில் ஒட்டி, வந்து தங்கும் இரண்டு மூன்று குடும்பங்கள் படிக்கட்டும். யாராவது ஜன்னலைப் பற்றிக் கேள்வி கேட்டால் அந்த வரியைக் கடையில் மாற்றிக்கொண்டு, பிறகு லேமினேட் செய்யலாம். வேர்ட் ஃபைலையும் வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கேட்காமல் அனுப்ப மாட்டார்கள்.